செலவே இல்லை என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஒரு ஜோடி பொமரேனியன் நாய் வாங்கிவிட்டால் போதும், செலவே இல்லாமல் வருடத்துக்கு இரண்டு ஈத்து எடுக்கலாம்' என்று போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இருபத்திரண்டு வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் எழுதியிருந்த மாதிரி பொமரேனியன் சீனத்து அரண்மனை நாய் இல்லை. சீனத்து அரண்மனை நாய் பெக்கிங்கீஸ் என்ற வேறு இனம். பொமரேனியனுக்குப் பெயர் கொடுத்தது பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா. இன்றைக்கு அந்தப் பகுதி போலந்திலும் ஜெர்மனியிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது, அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்த்திருக்கலாம். முன்னோர்கள் பனி தேசத்துப் பெரிய நாய்கள். 1888-ல் விக்டோரியா மகாராணி ஃபிளாரன்ஸ் நகரிலிருந்து மார்கோ என்ற சின்ன நாயைக் கொண்டுபோன பிறகு இங்கிலாந்தில் சின்னதுக்கே மவுசு ஏறி, வளர்ப்பவர்கள் போட்டி போட்டு உருவத்தைக் குறைத்தார்கள். மார்கோவே ஐந்தரைக் கிலோ இருந்தது. இன்று, நாய் இனங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க கென்னல் கிளப் சொல்லும் எடை மூன்றேகால் கிலோவுக்குள்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிக் குறைத்ததன் பலனைப் பிரசவத்தில் அனுபவிப்பது பெட்டை நாய்தான். இடுப்பு சின்னது, ஒன்றிரண்டு குட்டிதான் தங்கும், குறைவாகத் தங்குவதாலேயே குட்டி பெரிதாகி வழியில் சிக்கிக்கொள்ளும். எங்கள் பொமரேனியன் டாலிக்கு முதல் ஈத்தில் அதுதான் நடந்தது. ராத்திரி ரெண்டு மணிக்குத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, திருநகரிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். சிசேரியன் செய்து எடுத்த இரண்டு குட்டியில் ஒன்று செத்தே வந்தது. மூன்றாவது வாரம் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கே கால்சியம் இறங்கி, கை கால் விறைத்து வலிப்பு வந்துவிட்டது. அந்த முழியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அந்த ஒற்றைக் குட்டிக்கு பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால்பவுடர் கரைத்து ஊட்டினேன். நான் சும்மா இருந்தேனா என்று நீங்களே சொல்லுங்கள்.

கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்கேன், எக்ஸ்ரே 1,600. ஆபரேஷன் 12,500. டிரிப், ஊசி, மருந்து 3,200. பால்பவுடரும் தாய்க்குச் சத்துணவும் 1,900. ஆட்டோ 740. மொத்தம் 19,940 ரூபாய். வரவு? கிராஸுக்குக் கூலியாக ஆண் நாய்க்காரருக்கு ஒரு குட்டி என்று பேச்சு. பிழைத்ததே ஒன்று, அதையும் அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் டாலிக்குக் கருத்தடை செய்துவிட்டேன்.

முப்பது நாளில் குட்டியை விற்றுவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசின் 2017-ம் வருட விதியில் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈத்துதான், ஆயுளுக்கே ஐந்துதான் என்று இருக்கிறது. நீங்கள் சொன்ன யோசனையில் சட்டத்துக்கு உட்பட்டது எது என்று தேடிப் பார்த்தேன்.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடம் முன்னால் சிப்பிப்பாறை என்று ராஜபாளையம் நாயின் படத்தைப் போட்டீர்கள். நான் எழுதிய கடிதத்தில் பாராட்டை மட்டும் வைத்துக்கொண்டு, படம் தப்பு என்ற பகுதியை வெட்டிவிட்டீர்கள். மாடித் தோட்டத்துக்கும் இதே மாதிரி 'செலவே இல்லை' என்றுதான் எழுதினீர்கள், அதை நம்பி நான் வாங்கிய பைகள் இன்னும் மாடியில் மக்கிக் கிடக்கின்றன. அதாவது பரவாயில்லை, பைக்கு உயிரில்லை.

திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் காலையில் நடக்கிறபோது போன மாதம் ஒரு வெள்ளைப் பொமரேனியனைப் பார்த்தேன். முடியெல்லாம் சடை, காதில் உண்ணி, பால்காம்பு தரையைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை ஈத்து எடுத்துவிட்டுத் தெருவில் விட்டார்களோ. நான் பிஸ்கட்டை நீட்டியதும் தின்னாமல் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், முப்பது நாள் என்பது தவறு, எட்டு வாரம் என்று ஒரு வரி போடுங்கள். இந்த முறை கடிதத்தை வெட்டினால், டாலியின் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை - 6