ஸ்கூல் போர்டுக்கு நிற்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஸ்கூல் போர்டு தேர்தலில் நிற்கப் போகிறாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். கூடவே, "ரெண்டு பக்கமும் சாயாம நடுவுல நிக்கப் போறாளாம்" என்றார். அதைக் கேட்டதும்தான் எழுதத் தோன்றியது. பென்சில்வேனியாவில் இதே யோசனையோடு இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஊரிலிருந்து அத்தை, "பெற்றோர் ஆசிரியர் கழகம் மாதிரியா?" என்று கேட்பார். இல்லை என்று சொல். நம் ஊரில் பாடநூலும் ஆசிரியர் நியமனமும் சென்னையில் முடிவாகின்றன. இங்கே மாநிலத்தில் 500 பள்ளி மாவட்டங்கள். ஃபிலடெல்ஃபியாவில் மட்டும் மேயர் நியமிக்கிறார். மற்ற மாவட்டங்களில் மக்கள் ஓட்டுப் போட்டு ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாலு வருடப் பதவி, சம்பளம் கிடையாது. ஆனால் மாவட்டப் பள்ளிகளை நிர்வகிக்கும் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்டை வேலைக்கு வைப்பதும், ஆசிரியர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவதும், நம் வீட்டுக்குச் சொத்து வரி போடுவதும் அந்த ஒன்பது பேர்தான். ஐந்து கை உயர்ந்தால் காரியம் முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் நிற்பது என்று நீ எதை நினைக்கிறாய்? போன தேர்தலுக்கு முன்னால் பக்கத்து மாவட்டத்தில் வேட்பாளர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுக்கச் சொல்லி மனு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி. ஒருவர் எடுப்பேன் என்றார், பாதி ஹால் கை தட்டியது. இன்னொருவர் தொடவே மாட்டேன் என்றார், மீதிப் பாதி தட்டியது. மூன்றாமவர் நல்ல மனிதர், படித்தவர். "இரு தரப்பின் கவலையும் எனக்குப் புரிகிறது, எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்" என்றார். ஒருவரும் தட்டவில்லை. அவர் தோற்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இரு தரப்பின் கவலையையும் சொன்னாரே தவிர, தான் எந்தப் பக்கம் கை தூக்குவேன் என்பதைக் கடைசி வரை சொல்லவில்லை. போர்டு உறுப்பினரின் வேலையே கை தூக்குவதுதான்.

மிதவாதி என்றால் கருத்தே இல்லாதவர் என்று ஆகிவிடக் கூடாது. அதே கேள்விக்கு நீ இப்படிச் சொல்லலாம்: "தன் பிள்ளை ஒரு புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் படிக்கக் கூடாது என்று சொல்ல உரிமை இல்லை. புகார் வந்தால் நூலகரும் ஆசிரியர்களும் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு எழுத்தில் பரிந்துரை தரட்டும், அதன் பிறகு நான் ஓட்டுப் போடுவேன்." இதற்கும் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 2025 ஜூனில் மேரிலாந்து மாண்ட்கோமரி கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பாளர் பாத்திரங்கள் வரும் வகுப்பறைக் கதைப்புத்தகங்களைப் பற்றி மதநம்பிக்கையுள்ள பெற்றோர் பக்கம் நின்றது. அதனால் பிள்ளையை அந்தப் பாடத்திலிருந்து விலக்கும் உரிமை பற்றிய கேள்வி உன் கூட்டத்திலும் நிச்சயம் வரும். பதிலை இப்போதே யோசித்து வை.

இந்த மாநிலத்திலேயே நல்ல முன்னுதாரணம் ஒன்று உண்டு. யார்க் கவுன்டியில் டோவர் என்ற சின்ன ஊர். 2004 அக்டோபரில் அந்த ஊர் போர்டு ஒரு தீர்மானம் போட்டது. பரிணாமக் கோட்பாட்டில் இடைவெளிகள் இருக்கின்றன, உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று இன்னொரு விளக்கமும் உண்டு என்று ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை படித்துக் காட்ட ஏற்பாடு. பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். 2005 நவம்பர் தேர்தலில், தீர்ப்பு வருவதற்கு முன்பே, களத்தில் இருந்த பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தோற்றார்கள். டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் அந்தத் தீர்மானம் அரசமைப்புக்கு விரோதம் என்றார். அவரை நியமித்தது ரிபப்ளிகன் அதிபர் ஜார்ஜ் புஷ் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாவட்டம் எதிர்த்தரப்பு வக்கீல் செலவாக சுமார் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. ஜெயித்த அணியில் ரிபப்ளிகன்களும் டெமாக்ரட்களும் கலந்தே இருந்தார்கள். அவர்கள் மழுப்பவில்லை. அறிவியல் வகுப்பில் இது வேண்டாம் என்று நேராகச் சொன்னார்கள். கடவுளை நம்புகிறவர்களும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள், இல்லாவிட்டால் அந்த ஊரில் ஜெயித்திருக்க முடியாது.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் சென்ட்ரல் பக்ஸ். மாநிலத்திலேயே பெரிய மாவட்டங்களில் ஒன்று. நூலகப் புத்தகம், வகுப்பறையில் தன்பாலீர்ப்பாளர் ஆதரவு வானவில் கொடி என்று இரண்டு வருடம் ஒரே அமர்க்களம். 2023 நவம்பரில் போட்டிக்கு வந்த ஐந்து இடங்களையும் டெமாக்ரட்கள் பிடித்தார்கள். பதவியை விட்டு இறங்குவதற்குள் பழைய போர்டு சூப்பரின்டெண்டென்டுக்கு சுமார் 7 லட்சம் டாலர் விலகல் தொகை கொடுக்க ஓட்டுப் போட்டது. கொடிக்காக வந்த கூட்டத்தில் எத்தனை பேர் பட்ஜெட் கூட்டத்துக்கு வந்திருப்பார்கள்?

உன் இடம் அந்த பட்ஜெட்தான், தங்கச்சி. எக்ஸெல்லில் நாள் முழுக்க உழைக்கிறவள் நீ. ஆசிரியருக்கு 100 டாலர் சம்பளம் என்றால் ஓய்வூதிய நிதிக்கு மேலும் 34 டாலர் அளவுக்கு மாவட்டம் கட்டுகிறது. அதில் பாதியாவது மாநிலத்திலிருந்து திரும்பி வரும். உன் மாவட்டத்துப் பிள்ளை ஆன்லைன் சார்ட்டர் பள்ளியில் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடப்பது) சேர்ந்தால் அதற்கும் மாவட்டம்தான் கட்டணம் அனுப்ப வேண்டும். வரியை நினைத்தபடி ஏற்றவும் முடியாது: 2006-ல் வந்த சட்டப்படி ஆண்டுதோறும் ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட வேண்டுமானால் விதிவிலக்கு வாங்க வேண்டும் அல்லது மக்களிடம் ஓட்டுக்கு விட வேண்டும். ஜூன் 30-க்குள் கணக்கை முடித்தாக வேண்டும். முழுநாள் கிண்டர்கார்டனா, புது ஏசியா என்ற கேள்வி அந்த இடுக்கில்தான் வந்து நிற்கும். இங்கே உனக்குக் கட்சி தேவைப்படாது. கணக்குத் தெரிந்தால் போதும், அதை மூன்று நிமிடத்தில் ஒரு தாத்தாவுக்குப் புரியும்படி சொல்லவும் தெரிய வேண்டும்.

அப்புறம் ஓட்டுக் கணக்கு. இதில் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பொங்கல் விழாவில் நிரம்பி வழிகிற ஹாலைப் பார்த்து இதெல்லாம் நம் ஓட்டு என்று நினைத்துவிடாதே. எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்கும், அது கையில் இருப்பவர்களுக்கும் கூட ஓட்டு இல்லை. வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளை அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். குடியுரிமை வாங்கியவர்களிலும் பலர் எந்தக் கட்சியிலும் பதியாமல் இருக்கிறார்கள். மே மாத பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றுத் தேர்தலில், கட்சியில் பதிந்தவர்கள்தான் வேட்பாளருக்கு ஓட்டுப் போடலாம்.

ஸ்கூல் போர்டு போன்ற சில பதவிகளுக்கு இந்த மாநிலத்தில் ஒரு வசதி: ஒரே ஆள் இரண்டு கட்சி பிரைமரியிலும் நிற்கலாம், கிராஸ் ஃபைலிங். உனக்காகவே வைத்த மாதிரி இருக்கிறது. கட்டாயம் செய். ஆனால் இரண்டு கட்சிக்கும் தனித்தனி வேட்பு மனு, அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்களின் கையெழுத்து. ஏதாவது ஒரு வீட்டில் கணவர் கதவைத் திறந்து, "கொடும்மா, எல்லாருக்கும் நானே போட்டுடறேன்" என்பார். விடாதே. மனைவியின் கையெழுத்தை மனைவிதான் போட வேண்டும். எதிராளி ஒவ்வொரு வரியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். சொத்து விவர அறிக்கையையும் மனுவோடு சேர்த்துக் கொடு, பள்ளி மாவட்ட அலுவலகத்திலும் ஒரு பிரதி. இதை மறந்து பெயர் நீக்கப்பட்டவர்கள் உண்டு.

2027 பிப்ரவரியில் மனுத்தாள் கைக்கு வந்ததும் சொல். நான் வேறு மாவட்டம், என் கையெழுத்து உனக்குச் செல்லாது. சனிக்கிழமைகளில் கதவு தட்ட வருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிக் கட்சிவாரி வாக்காளர் பட்டியலை மட்டும் கவுன்டி அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வை.

அன்புடன்,
அண்ணன்