செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்த்துவிடுங்கள்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் நீராவி இன்ஜின்களின் சக்கர அமைப்பை எடுத்துக்கொண்டோம். அமெரிக்கர் ஃபிரெடரிக் வைட் வகுத்த முறையில் முதல் எண் முன்னால் வழிகாட்டும் சக்கரங்கள், நடு எண் இழுவைச் சக்கரங்கள், கடைசி எண் பின்னால் பாரம் தாங்குபவை. இரண்டு பக்கமும் சேர்த்து எண்ண வேண்டும்.

விரைவு ரயில்களை இழுத்த டபிள்யூ.பி. வகுப்பு இன்ஜின் 4-6-2. சரக்கு ரயில்களின் டபிள்யூ.ஜி. வகுப்பு 2-8-2. வேகத்தில் வளைவு திரும்ப முன்னால் நான்கு சக்கரங்கள் உதவும். சரக்கு இன்ஜினுக்குப் பிடிமானமே பெரிது. அதனால் எட்டு சக்கரங்களை இணைத்தார்கள், விட்டத்தையும் குறைத்தார்கள். முன்னதில் 5 அடி 7 அங்குலம், பின்னதில் 5 அடி ஒன்றரை அங்குலம். சரி, இரண்டுக்கும் கடைசியில் ஏன் அந்த 2? நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். போதிய ஆவி கிடைக்க அகலமான ஃபயர்பாக்ஸ், அதாவது நிலக்கரி எரியும் அறை, வேண்டும். பெரிய சக்கரங்களுக்கு நடுவே அது அடங்காது. பின்னால் தள்ளி, சின்னச் சக்கரங்களின் மேல் வைத்தார்கள்.

அப்புறம், மேட்டுப்பாளையம் – குன்னூர் பயணம். இந்த ஆண்டின் சிறந்த நாள் அதுதான் என்பேன். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு இன்ஜின் 0-8-2. வழிகாட்டும் சக்கரமே கிடையாது. மெதுவாக ஏறும் இன்ஜினுக்கு அது தேவையும் இல்லை. எடையில் பெரும்பகுதி எட்டு சக்கரங்களில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியும் கல்லாறு தாண்டி 12 அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில் அது போதாது. அங்கே பல் தண்டவாளத்தைப் பற்றி ஏறப் பற்சக்கரங்கள், அவற்றுக்குத் தனி சிலிண்டர்கள். சாதாரணச் சக்கரங்களை ஓட்டிவிட்டு வரும் ஆவியே இந்த சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரங்களையும் சுழற்றுகிறது. ஆவியை இப்படி இரண்டு முறை வேலை வாங்கியவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த இந்த வகையைப் பிற்காலத்தில் நம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையே புதிதாகக் கட்டிக் கொடுத்தது.

ஒரு வருத்தம். காட்சிக்கு நிறுத்திய பழைய இன்ஜின்கள் பலவற்றின் பலகையில் எண்ணும் கட்டிய ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. அது எந்த வேலைக்காகப் பிறந்தது என்று குழந்தைகளுக்கு யார் சொல்வது? சக்கரப் படமும் நாலு வரித் தமிழ் விளக்கமும் கொண்ட பலகைகளை நாமே எழுதி, அனுமதி கேட்டு வைக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். படம் வரையத் தெரிந்தவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.

நன்றி.
செயலாளர்