சனிக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்காருபவர்களுக்கு

கொழும்பில் றக்பி பார்க்கப் போகும் என் பழைய பள்ளித் தோழர்களுக்கு,

இந்த மடலின் அடியில் பெயர் இருக்காது. உங்களுக்கு அது தேவைப்படவும் போவதில்லை. பாதி படிப்பதற்குள் ஆளைப் பிடித்துவிடுவீர்கள். நான் பெயரை விட்டது மற்றவர்களை எண்ணி: வீட்டு உரிமையாளர், அலுவலகம், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா, பிறகு தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு.

நமது வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருந்தால் அடுத்த நிமிடம் ஒருவர் காலை வணக்கம் படம் அனுப்பியிருப்பார், இன்னொருவர் றக்பியில் ஸ்க்ரம் என்ற தள்ளுமுள்ளு சரிந்து விழும் வீடியோ அனுப்பியிருப்பார், என் நாற்பத்தொரு வருடம் மேலே நகர்ந்து போயிருக்கும். அதோடு, நம்மைப் போன்ற கூட்டங்கள் இந்த நகரில் இன்னும் பல உண்டு. ஒவ்வொன்றிலும் கல்யாணம் செய்யாத ஒருவன் இருப்பான். எல்லோரும் என்னைப் போன்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இதைப் படித்துவிட்டு அந்தக் கூட்டங்களில் யாராவது “நம்மவனும் அப்படியோ?” என்று ஒரு கணம் நினைத்து, வாயிலிருந்து வர இருந்த ஒரு சொல்லை விழுங்கினால் எனக்கு அதுவே இலாபம்.

நான் ஆண்களை விரும்புகிறவன். பத்திரிகைத் தமிழில் தன்பாலீர்ப்பாளன். மேலே சொன்ன 365அ பிரிவு என்னைப் போன்றவர்களின் உறவைத்தான் குற்றம் என்கிறது. உங்களோடு பள்ளி மைதானத்தில் புழுதி தின்ற நாளிலிருந்தே அப்படித்தான்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், கண்டிப் பயணத்தின் காரணமாக. பிராட்பி கேடயத்துக்கான ஆட்டம் நமது பள்ளி ஆடாத ஆட்டம்தான். ஆனாலும் கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945இலிருந்து மோதிக்கொள்ளும் அந்தப் போட்டியை விட்டுவிட்டு நமக்கு ஏது பருவம்? ஓர் ஆட்டம் கொழும்பில், ஓர் ஆட்டம் கண்டியில், இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவாகும். ஆகவே கண்டிக்குப் போகாதவன் பாதி ஆட்டம் பார்த்தவன். இந்த முறை ஏற்பாட்டுக் குழு அனுப்பிய செய்தியில் “குடும்பங்களுக்கு அறைகள் ஒதுக்கப்படும், தனி ஆட்களை எங்காவது சமாளிப்போம்” என்றிருந்தது. அதன் கீழே என் பெயரைப் போட்டு, கண் சிமிட்டும் முகத்தோடு, “போன வருடம் மாதிரி ஓர் ஏற்பாடு செய்வோமா மச்சான்?” என்று ஒரு கேள்வி.

போன வருட ஏற்பாடு என்ன என்று மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் வான் புறப்படும்போது எல்லா இருக்கைகளும் நிரம்பியிருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவருடைய மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை. பாவம், அவருக்கும் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. கடுகண்ணாவை ஏற்றம் வரும்போது இருவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. முன்னால் இருந்த தலைகள் முறை வைத்துத் திரும்பிப் பார்த்தன. ஸ்க்ரம் சரிந்தால் யார் மீது தவறு என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று அவர் கேட்டார். அது நடுவருக்கே தெரியாது என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்து நீங்கள் மண்டபம் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். பிறகு இரண்டு மாதம் “ஏன் பிடிக்கவில்லை?” என்ற விசாரணை. பிடித்தது நண்பர்களே. நல்ல மனிதர், ஆட்டம் தெரிந்தவர், என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். ஒரு நல்ல பெண்ணைக் காரணம் சொல்லாமல் மறுத்தவன் என்ற பழி எனக்கு. எதற்காக மறுக்கப்பட்டோம் என்று தெரியாத சங்கடம் அவருக்கு. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் நீங்களும் நானும்.

தனியாக இருப்பது பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி உங்களிடம் இருக்கும் படம் பிழை. நான் இரவில் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவதில்லை. வெள்ளவத்தையில் தனி ஆணுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாடு, அது உண்மை. “குடும்பம் என்றால் சொல்லுங்கள்” என்று கதவைச் சாத்தியவர்கள் நான்கு பேர். கிடைத்த பிறகு குறையில்லை. ஞாயிறு காலை சந்தைக்குப் போகிறேன். நண்டு வாங்கினால் கீழ்வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் கறி போகும், அங்கிருந்து வெறும் கிண்ணம் திரும்பி வந்ததே இல்லை. மாலையில் கடற்கரையோரம் தண்டவாளத்தை ஒட்டி நடப்பேன். உங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர் என்னை மாமா என்று கூப்பிடுகிறார்கள், அதில் மூன்று பேருக்குப் பந்தைப் பின்னோக்கி எறியக் கற்றுக்கொடுத்தவன் நான்.

எனக்குக் குறை எங்கே தெரியுமா? தனிக்கட்டையின் நேரம் ஊருக்குப் பொது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அதிகாலை இரண்டு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு யாரை அனுப்பலாம்? என்னை. ஆஸ்பத்திரியில் இரவு யார் நிற்பது? நான்தான், எனக்குத்தான் வீட்டில் யாரும் இல்லையே. மனமுவந்து போனேன், இனியும் போவேன். ஆனால் எனக்கு ஒன்று என்றால் யாரிடம் சொல்வது என்று ஒரு தடவை உண்மையிலேயே தடுமாறினேன். நம் வரிசையில் மூன்று பருவம் என் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தானே, “அலுவலக நண்பன்” என்று அறிமுகம் செய்தேனே, தொலைநோக்கி கொண்டு வருவானே? அவன் மெல்பேர்னுக்குப் போய்விட்டான் என்று நான் சொன்னபோது நீங்கள் கேட்டது, “அப்படியென்றால் இனித் தொலைநோக்கிக்கு என்ன செய்வது?” உங்கள் மேல் பிழையில்லை. நான் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியாது. அன்று ஹவ்லொக் பார்க்கில் யார் வென்றார்கள் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. ஆட்ட முடிவை நான் மறந்த ஒரே சனிக்கிழமை அதுதான்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நான் எந்த இலக்கச் சட்டை போட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்க்ரம் ஹாஃப்: கூட்டத்திலேயே சின்ன உடம்பு, பெரிய வாய். பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து பூட்டிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம்முக்குள் பந்தை உருட்டிவிடுபவன். அது வெளியே வந்ததும் பொறுக்கி, யாருக்கு எப்போது எறிவது என்று தீர்மானிப்பவன். அவன் முதுகில் இருப்பது 9. மற்றப் பல மொழிக்காரருக்கு அது வெறும் எண். தமிழனுக்கு அப்படியா? முதல் நாள் அந்தச் சட்டையை நான் வாங்கியபோது உடுப்பு மாற்றும் அறையில் எழுந்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. “ஒன்பதுக்கு ஒன்பது!” பதினாறு வயது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வேன் என்ற கணக்கு.

இருபத்தைந்து வருடம் கழித்தும் அந்தச் சொல் நமது வரிசையில் உயிரோடு இருக்கிறது. பந்தைத் தவறவிட்டவன் ஒன்பது. எதிராளியைப் பாய்ந்து மடக்கும் டக்கிளுக்குத் தயங்கியவன் ஒன்பது. அதே மாதிரி ஒரு சிங்கள வசவு, உற்சாகமூட்டும் பப்பரே வாத்தியத்துக்கு மேலாக எதிர்ப்புறத்திலிருந்து வரும், நாம் இந்தப்பக்கம் தமிழில் பதில் சொல்வோம். இன நல்லிணக்கம் இந்த ஒரு விஷயத்தில்தான் தடையில்லாமல் நடக்கிறது! திருநங்கையரைக் குத்துவதற்கென்று செய்த சொல் அது. அதை ஒவ்வொரு சனிக்கிழமையும் காதில் வாங்கிக்கொண்டு, கடலைச் சுருளை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

நைஜல் ஓவன்ஸை உங்களில் பிடிக்காதவர் யார்? 2012இல் ஓர் இத்தாலிய அணியின் வீரர் வாதாட வந்தபோது “இது கால்பந்து அல்ல” என்று அவர் அடக்கிய வீடியோவை நீங்கள் எத்தனை தடவை அனுப்பியிருப்பீர்கள்! அந்த வேல்ஸ் நடுவர் தன்பாலீர்ப்பாளர். 2007இல் அதை வெளிப்படையாகச் சொன்னார், 2015 உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு அவர்தான் ஊதினார், நியூசிலாந்து 34-17 என்று வென்றது. இருபத்தாறு வயதில் உயிரை விட முயன்று தப்பியவர் அவர். உலகக் கிண்ண இறுதியின் அழுத்தம்கூடத் தன்னைத் தானே ஏற்றுக்கொள்வதற்குப் பட்ட பாட்டுக்கு முன் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். வேல்ஸுக்காக 100 ஆட்டம் ஆடிய காரெத் தோமஸ் 2009இல் சொன்னார். அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் அணிக்காரர் நிக் மக்கார்த்தி 2022இல் சொன்னார். அவரும் ஸ்க்ரம் ஹாஃப், அவர் முதுகிலும் 9.

“அப்படியானால் நீ லண்டனுக்குப் போய்விடலாமே, அங்கே இதற்கென்றே கழகங்கள் இருக்கின்றனவாமே” என்று உங்களில் ஒருவராவது சொல்வீர்கள், நல்லெண்ணத்தோடுதான். இருக்கின்றன. கிங்ஸ் குரொஸ் ஸ்டீலர்ஸ் 1995இலிருந்து இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதலில் இறந்த மார்க் பிங்கம் என்ற தன்பாலீர்ப்பு றக்பி வீரரின் பெயரில் ஒரு கிண்ணமும் 2002 முதல் நடக்கிறது. ஒரு தடவையாவது நேரில் பார்க்க ஆசை. பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். லண்டனில் கண்டியின் நித்தவெல மைதானம் இல்லை. இரண்டாம் பாதியில் மலைப்பக்கமிருந்து மழை இறங்க, கண்டிக்காரர்கள் நம்மைப் பார்த்துக் கையாட்டிக் கேலி செய்யும் அந்த அநியாயத்தை வேறு எங்கே போய் அனுபவிப்பது?

சட்டத்தைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். கொழும்பில் முதல் றக்பிக் கழகம் 1879இல் தொடங்கியது. தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. நான்கு வருட இடைவெளியில் ஒரே கூட்டத்தார் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய இரண்டு சட்டப் புத்தகங்கள். முதலாவதை எத்தனை தடவை திருத்திவிட்டார்கள்! எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி எடுக்கும் ட்ரை மூன்று புள்ளியாக இருந்து 1971இல் நான்காகி, 1992இல் ஐந்தானது. டக்கிள் செய்யக்கூடிய உயரத்தை நம் கண் முன்னாலேயே கீழே இறக்கிக்கொண்டு வருகிறார்கள். புதுத் திருத்தங்களைப் படித்துவிட்டு நமக்கு வகுப்பெடுப்பதற்கென்றே குழுவில் ஓர் அண்ணா இருக்கிறார், அவருக்கு வணக்கம். இரண்டாவது புத்தகத்திலும் 1995இல் கை வைத்தார்கள்: ஆண் என்றிருந்ததை ஆள் என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்த இங்கிலாந்து தன் ஊரில் 1967இலேயே அதைத் தளர்த்தத் தொடங்கிவிட்டது. இங்கே 2023 மே மாதம், இந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. நடுவர் கையை உயர்த்திவிட்டார், பலகையில் புள்ளி ஏறவில்லை.

நாடாளுமன்றம் உங்கள் கையில் இல்லை. மைதானத்தில் நமது வரிசை இருக்கிறது. அங்கே அந்தச் சொல் வேண்டாம். பந்தைத் தவறவிட்டவனைத் திட்டத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? வெண்ணெய்க்கையன் என்று சொல்லுங்கள், அவன் பரம்பரையே கொட்டைப்பாக்குக்கூடப் பிடித்ததில்லை என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன். பெண் பார்க்கும் படலமும் இத்தோடு முடியட்டும். கண்டியில் என்னை எந்த அறையில் போட்டாலும் சரி, “எங்காவது சமாளிப்போம்” என்ற பேச்சு மட்டும் வேண்டாம். மற்றவர்களைப் போல நானும் முழுப் பணம் கட்டுகிறவன்.

உள்ளுக்குள் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கடைசி நிமிடத்தில் ட்ரை விழுந்தால் நாம் யார், எவர் என்று பார்க்காமல் பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொள்வோம். போன வருடம் அப்படிப் பாய்ந்ததில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்து, அதற்கு எல்லோரும் பங்கு போட்டோம். இதைப் படித்த பிறகு அடுத்த ட்ரைக்கு உங்கள் கை பாதியில் நின்றுவிடுமோ, என் தோளைத் தட்டுவதோடு முடித்துக்கொள்வீர்களோ என்பதுதான் என் பயம். அப்படி ஒரு தயக்கம் வந்தால் என்னிடம் நேரே கேளுங்கள். எப்படிப்பட்ட அசட்டுக் கேள்வியானாலும் பதில் சொல்கிறேன். “எங்களில் யாரையாவது...?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று தெரியும். இல்லை. உங்கள் தொந்திகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

இந்தச் சனிக்கிழமை ஆட்டம் நான்கு மணிக்கு, ஹவ்லொக் பார்க்கில். வழக்கம்போல மூன்றரைக்கே போய் மூன்றாம் வரிசையில் துவாயை விரித்து ஏழு இடம் பிடித்து வைப்பேன். கடலை என் பொறுப்பு. இறால் வடை போன தடவை வாங்காமல் ஏமாற்றியவர் வாங்கிவரவேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு வருபவர்களுக்கு என்னால் இடம் காக்க முடியாது, இரண்டு பக்கமும் சண்டைக்கு வருகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்க்ரம் ஹாஃப்