மேற்குச் சுவரைக் கண்ணாடியாக்க வேண்டாம்: புதிய வகுப்பறைக் கட்டடம் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
மாணவி ஒருத்தியின் தந்தை, ஓய்வு பெற்ற கட்டட வரைவாளர், பாளையங்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள், பொதுப்பணித்துறை (கட்டடம்), திருநெல்வேலி.

பொருள்: பல்கலைக்கழகப் புதிய வகுப்பறைக் கட்டடம் – மேற்கு முகப்பு வரைபடத்தைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

என் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் வரப்போகும் மூன்று மாடிக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். முகப்பு மேற்கு பார்த்தது. தரையிலிருந்து மொட்டைமாடி வரை திறக்க முடியாத கண்ணாடி. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது, ஐயா.

நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்திலும் மேற்கே கண்ணாடிதான். மதியம் இரண்டு மணிக்கே திரையை இழுத்து விடுவோம். அப்புறம் இருட்டாகிவிடும், டியூப்லைட்டைப் போடுவோம். ஏசி ஓடிக்கொண்டே இருந்தாலும் ஜன்னலோரம் இருப்பவருக்கு முதுகு எரியும். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியை மூடிவிட்டு, பட்டப்பகலில் விளக்கு எரித்தோம்.

நெல்லை ஏறக்குறைய 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. உச்சி வெயில் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்து இறங்குவதால் வடக்கு, தெற்குச் சுவர்களை ஒரு நல்ல சன்ஷேடு காப்பாற்றிவிடும். சாயங்கால வெயில் அப்படியில்லை. சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து நேரே பெஞ்சில் விழும். அந்தச் சூடு வந்த வழியே வெளியேறாமல் அறைக்குள்ளேயே தங்கிவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் இதே பக்கம்தான். திறக்காத கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, காற்றை வெளியே நிறுத்திவிடும். காற்றோடு வரும் புழுதியை மூன்று மாடி உயரத்துக்கு யார் துடைப்பது என்பதும் இருக்கிறது.

ஆகவே மேற்கே முழு நீளத்துக்கும் ஏழெட்டு அடி வராந்தா வையுங்கள். அதன் வெளிமுகத்தில் ஜாலி (காற்று புகும் துளைச் சுவர்) அல்லது செங்குத்துத் தடுப்புகள், உள்பக்கச் சுவரில் திறந்து மூடக்கூடிய ஜன்னல்கள், எதிரே வேம்பும் புங்கையும் இருக்கட்டும்.

கண்ணாடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வடக்கே வையுங்கள், கண் கூசாத சீரான வெளிச்சம் கிடைக்கும். அதையும் லோ-ஈ பூச்சுள்ள (வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் மெல்லிய பூச்சு) இரட்டைக் கண்ணாடியாகப் போடலாம். மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பே (2017) அதன் நேரடி விதிமுறைப்படி ஜன்னல் பரப்பைச் சுவரில் 40 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது.

டெண்டர் விடுவதற்கு முன்பே வரைபடத்தைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கைப்பட வரைந்த மாற்று வரைபடம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். கூப்பிட்டால் நேரில் வந்து விளக்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)