அணைந்த விளக்கும் பெட்டகத்துக் கடிதங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பீரங்கிகளையும் மதிலையும் விரிவாகச் சொல்லிவிட்டு அங்குள்ள கலங்கரை விளக்கத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது. செட்டிநாட்டு வாசகர்களுக்கு அந்த ஒரு வரி போதாது.

1882-இல் எழுந்த விளக்கம் அது; 21 மீட்டர் உயரம். கற்கோபுரமல்ல, கப்பலின் பாய்மரம் போல் நிமிர்ந்த இரும்புச் சட்டகம். மறு ஆண்டே தீவின் வடமேற்கு முனைக் குன்றில் மூக்கா ஹெட் விளக்கும் வந்தது. குன்று விளக்கு இன்றும் கப்பலுக்கு வழிகாட்டுகிறது. கோட்டை விளக்குக்கு அந்த வேலை இல்லை. தைப்பூசத்துக்காகக் காரைக்குடியில் செய்த வெள்ளி ரதம் 1894-இல் கடல் கடந்து பினாங்கு சேர்ந்தபோது, துறைமுகத்தில் இந்த விளக்கம் நின்றுகொண்டிருந்தது. கொண்டுவிற்கப் போன நம் முன்னோர் எத்தனை பேர் இதைப் பார்த்துக் கரையிறங்கியிருப்பார்கள்!

இரும்பைக் காப்பது எளிதல்ல. காற்றில் வரும் உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். இணைப்புகளுக்குள் துரு பருத்துத் தகட்டையே நெம்பிவிடும். சுரண்டி, பூச்சிட்டு, மறுபடியும் சுரண்ட வேண்டும். அந்தப் பாடு பினாங்குக்காரர்களுடையது. 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, கோட்டை இருக்கும் நகரமான ஜார்ஜ் டவுனில் அதற்கு ஆள் இருக்கிறது.

நம் பங்கு வேறு. அந்த விளக்கைக் கண்டவர்கள் எழுதிய கடிதங்கள் நம் வீடுகளில்தான் உள்ளன. கப்பல் வந்து சேர்ந்த தேதி, உடன் வந்தவர் பெயர், கிட்டங்கி (செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய இடம்) விவரம், ஊருக்கு அனுப்பிய பணம் எல்லாம் அவற்றில் இருக்கும். வீட்டைப் பிரிக்கும்போது தேக்குத் தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் விலை பேசுகிறோம். கடிதக் கட்டைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போடுகிறோம். இதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும்தாம் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அவர் ஊரைச் சுற்றியுள்ள நமக்கு இது தெரியாததல்ல.

கடல்வழிக் கடிதங்களும் பேரேடுகளும் வைத்திருப்போர் அவற்றைப் படியெடுக்கத் தருமாறு உங்கள் இதழில் ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். சேரும் படிகளில் ஒரு தொகுப்பைப் பினாங்குக்கும் அனுப்பலாம். எங்கள் ஐயா அங்கிருந்து அப்பத்தாவுக்கு எழுதியவை பெட்டகத்தில் இருக்கின்றன. அவற்றை முதலில் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளத்தூர்.