ரவிக்கை தொளதொளத்த கதை

மயிலாடுதுறை,
புதன்கிழமை

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. மாடி ஒழுகுவது, பேத்திக்கு வரன் பார்ப்பது எல்லாம் படித்தேன். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, "இவர் ரொம்ப இளைச்சுட்டார், தட்டில் பாதி மிச்சம் வைக்கிறார், 78 வயசாச்சு, அப்படித்தானே இருக்கும்" என்று. அதைத்தான் நாலு தடவை படித்தேன். அப்படி இருக்காதுடி. போன வருஷம் எனக்கே நடந்தது. உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் போன பிறகு, ஒருத்திக்காக என்னத்தைச் சமைப்பது என்றுதான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்த ரசம் புதன் வரைக்கும் ஃபிரிட்ஜில் கிடக்கும். கீழ்ப்பல் செட் ஆடி ஆடி ஈறில் புண். முதலில் பொரியல் போச்சு, அப்புறம் சாதமே போச்சு. காலையில் டீயும் ரஸ்க்கும், ராத்திரியும் டீயும் ரஸ்க்கும். சுகருக்குப் பயந்து பழம் இல்லை, கொழுப்புக்குப் பயந்து முட்டை இல்லை, ராத்திரி எழுந்து பாத்ரூமில் விழுந்துவிடுவேனோ என்று தண்ணீரும் இல்லை. ஒவ்வொரு பயமும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். எல்லாம் சேர்ந்து என் தட்டைக் காலி பண்ணிவிட்டன. சத்துணவுக் கூடத்து வரிசையில் நின்று "முட்டையை மிச்சம் வைக்காதே" என்று பிள்ளைகளை அதட்டியவள் நான், பார்த்துக்கொள்.

மகள் வீடியோ காலில் "அம்மா, ஸ்லிம்மாயிட்டே!" என்றாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். கண்டுபிடித்தது தெருமுனைத் தையல்காரம்மா. மூன்று ரவிக்கையைப் பிடிக்கக் கொடுத்தேன். இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பார்த்தவள், நோட்டைப் புரட்டினாள். "டீச்சர், தீபாவளிக்கு 36. இப்போ 33. டாக்டரைப் பாத்தீங்களா?" என்றாள்.

டாக்டரிடம் போனேன். பழைய சீட்டில் 58 கிலோ. அன்றைக்கு 51. முயற்சி எதுவும் பண்ணாமல் ஆறு மாசத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு போனால் வயசின் மேல் பழி போட்டுவிட்டு உட்காரக்கூடாது, காரணம் தேடணும் என்றார் டாக்டர். அவரும் ஒரு டேப்பை எடுத்துக் கெண்டைக்காலை அளந்தார். 29 சென்டிமீட்டர். 31-க்குக் கீழே போனால் சதை கரைகிறதோ என்று சந்தேகப்படணுமாம். தைராய்டு, வயிறு, நெஞ்சு எல்லாம் பார்த்து வேறு கோளாறு இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சுக்கே வந்தார். ரத்தத்தில் பி12 குறைச்சல். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையைச் சாப்பிட்டால் அப்படி ஆகலாம் என்று ஊசி போட்டார்கள். "மனசு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார். அங்கே உட்கார்ந்து அழுதேன்.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு எனக்குப் பிடித்தது. வயசு குறைந்தவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதுமாம். நம் வயசுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். வயசானால் சாப்பாட்டைச் சுருக்கணும் என்றுதானே நாம் வளர்ந்தோம்! பசி சுருங்குகிறது, தேவை சுருங்கவில்லை. எனக்கு நாளைக்கு 50, 60 கிராம் வரணும். ரஸ்க்கில் எங்கே வரும்? இப்போது முட்டை ஒன்றுக்கு 6 கிராம், பாலும் தயிருமாக அரை லிட்டருக்கு 16 கிராம் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன். கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து மசித்துவிடுகிறேன். கஞ்சியில் பாசிப்பருப்பு, இட்லிப்பொடியில் தாராளமாய் நல்லெண்ணெய். மீன்காரர் வருகிற அன்று சுறாப்புட்டு. முள் இல்லை, பல்லுக்கு வேலை இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் போடுவதை 71 வயசில் நான் சாப்பிடுகிறேன், சிரிக்காதே.

உன் வீட்டுக்காரருக்கு அப்படியே இதைச் செய்துவிடாதே. அவருக்குக் கிட்னியைப் பார்க்கிற ரத்த டெஸ்டில் கிரியாட்டினின் கூட என்று முன்பு சொன்ன ஞாபகம். புரதத்தைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள். இன்னொன்று முக்கியம்: சாப்பாடு பாதியாகக் குறைந்து, சுகர் மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போனால் லோ சுகர் ஆகிவிடலாம். ராத்திரி வேர்த்து எழுந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, அதை நாளைக்கே போய்ச் சொல். மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. சில மாத்திரை வாயைக் கசக்கவைக்கும், சிலது பசியையே கொல்லும். நாமாக எதையும் நிறுத்தவும் கூடாது. வாயைத் திறந்து பல் செட்டையும் பார்க்கச் சொல். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்று நீ கவனி.

தட்டை நிரப்பி வைத்துவிட்டுத் திட்டாதே. நிறையப் பார்த்தாலே வயிறு அடைத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடு. மூக்கு மந்தமாகிவிட்டதால் எல்லாமே சப்பென்றுதான் இருக்கும், உப்பைக் கூட்டாமல் மிளகு, எலுமிச்சை, கறிவேப்பிலையைக் கூட்டு. அவர் சாப்பிடும்போது நீ அடுப்படியில் நிற்காதே, உன் தட்டையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார். நான் தேறியதற்குப் பாதிக் காரணம் அதுதான். எதிர்வீட்டு அக்காவும் தனிக்கட்டை. மத்தியானம் அவர் குழம்பு கொண்டுவருவார், நான் சாதமும் கூட்டும் வைப்பேன். அவர் மருமகளைத் திட்டி முடிப்பதற்குள் நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருகிறேன். அது இல்லாமல் வெறும் சாப்பாடு சதையாகாதாம். முதல் வாரம் மூன்றுதான் முடிந்தது.

இப்போது 54 கிலோ. 58 திரும்பி வருமா, தெரியவில்லை. ஒன்றாம் தேதி காலையில் உன் வீட்டுக்காரர் எடையைப் பார்த்து எனக்குப் போனில் சொல், மாசாமாசம் சொல். தை மாசம் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வருகிறீர்கள், நம் வீட்டில்தான் தங்கணும்.

ரவிக்கையில் பிடித்த தையலைப் பிரிக்கக் கொடுத்திருக்கிறேன். போட்டதற்கும் காசு, பிரிப்பதற்கும் காசு கேட்கிறாள் அந்த அம்மா.

உன்,
சரசு