பள்ளி நிரப்பித் தர வேண்டிய ஒரு பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவப் பிள்ளைகளின் கவனச்சிதறல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைபேசியைப் பிடுங்கி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும், மீதிக்குப் பெற்றோரின் கண்டிப்பு போதும், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு) என்று பெயர் சூட்டுவது வசதியானவர்களின் புது வழக்கம் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். கைபேசியைப் பற்றி அவரோடு எனக்கு வழக்கில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை அந்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனவள் என்ற முறையில் மற்றதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வசதியானவர்கள் பட்டியலில் எங்கள் வீடு வராது.

ஏடிஎச்டியை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளை இனங்காண உதவும் டிஎஸ்எம்-5 கையேட்டின் அளவுகோல்களை நம் ஊர் மருத்துவர்கள் பலரும் பின்பற்றுகிறார்கள். கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. பதினாறு வயது வரையிலான பிள்ளை என்றால் ஏதாவது ஒரு பட்டியலில் ஆறாவது இருக்க வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்றால் போதாது. இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். சில அறிகுறிகளாவது பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். போன வருடம் கைபேசி வாங்கிக் கொடுத்த பிறகு முளைத்த மறதி இந்தக் கணக்கிலேயே சேராது. கட்டுரையாளர் அஞ்சுகிற அவசர முத்திரைக்கு அங்கேயே ஒரு தடுப்பு இருக்கிறது.

அதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. எங்கள் மருத்துவர் முதலில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொன்னார். பிறகு ஹீமோகுளோபின், தைராய்டு. எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்பதற்கு ஒரு தாளில் குறிப்பெழுதி வரச் சொன்னார். ரத்தசோகை உள்ள பெண் பிள்ளையும், நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும் பிள்ளையும் வகுப்பில் சோர்ந்துதான் உட்காரும். மனப்பதற்றமும் மனச்சோர்வும் வெளிப்பார்வைக்கு இதே மாதிரி இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தடை இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு சோதனை. இத்தனையும் கழித்த பிறகுதான் உளவியலாளர் என் மகளைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். வகுப்பில் என்ன நடக்கும் என்று அவர் கேட்டதற்கு, “மிஸ் பேசுறது கேட்கும். பாடம் முடிஞ்சதும் ஒண்ணும் இருக்காது” என்றாளாம். பத்து வருடப் பள்ளிப் படிப்பில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். இந்த அறிகுறிகள் பிள்ளையிடம் எவ்வளவு தெரிகின்றன என்று கேட்டுப் பெற்றோருக்கு ஒரு படிவம், ஆசிரியருக்கு ஒரு படிவம். ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ வரை கட்டங்கள். டிக் போட்டால் போதும். எங்களுக்கான படிவத்தை நானும் என் கணவரும் அன்று மாலையே நிரப்பிவிட்டோம். ஆசிரியருக்கான படிவம்தான் வாரக்கணக்கில் அலைந்தது.

வகுப்பாசிரியை நல்லவர், தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். தலைமையாசிரியர் படிவத்தைப் பார்த்ததுமே, “எங்கள் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் கிடையாது” என்றார். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டியிருக்கும் பள்ளி. இந்தத் தாளை வைத்துக்கொண்டு நாளை நாங்கள் ஏதாவது சலுகை கேட்போமோ, வழக்குப் போடுவோமோ என்று அவருக்குப் பயம். வேண்டுமானால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று நாங்கள் பயந்ததும் உண்மை. கடைசியில் படிவம் வந்தது. எல்லாக் கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’. நேர்க்கோடு போட்டது போல டிக்.

அந்த ஆசிரியையை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒருவர் ஒரு பீரியடுக்குத்தான் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறார். அதுவும் என் மகள் சத்தம் போடாதவள், பெஞ்சை விட்டு எழாதவள். ஏடிஎச்டி என்றால் ஓடி ஆடிப் பொருளை உடைக்கும் பையன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகையும் உண்டு. பெண் பிள்ளைகள் பலர் அதில்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள். வாய் திறக்காத பிள்ளை நல்ல பிள்ளை என்பது நம் வகுப்பறைகளின் தீர்ப்பு. தொடக்கப் பள்ளியில் நாள் முழுக்கக் கூடவே இருக்கும் ஓர் ஆசிரியை இதைக் கவனித்திருக்கலாம். மேல்வகுப்பில் அதற்கு யாரும் இல்லை.

என் மகளின் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் நான்காம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பன்னிரண்டு வயதுக்கு முன் பள்ளியில் எப்படி இருந்தாள் என்று மருத்துவர் கேட்கும் காலத்தில் ஒரு பெரிய துண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில், என் கைபேசித் திரைக்கு முன்னால் கழிந்திருக்கிறது. அதற்குச் சாட்சி சொல்ல எந்த ஆசிரியரும் இல்லை.

எங்களைக் காப்பாற்றியவை பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய ரேங்க் கார்டுகள். இரண்டாம் வகுப்பில் ‘எழுத்தை முடிப்பதில்லை’. மூன்றாம் வகுப்பில் ‘நல்ல அறிவு, கவனம் போதாது’. அதற்கடுத்த பருவத்திலும் அதே வரி, அதே மை. மருத்துவர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். டியூஷன் எடுக்கும் அக்கா இன்னொரு படிவத்தை நிரப்பித் தந்தார். ஐந்தாறு பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துச் சொல்லித் தருபவர் என்பதால் அவருக்குத் தெரிந்திருந்தது. கவனக்குறைவு மேலோங்கிய ஏடிஎச்டி, கூடவே கொஞ்சம் பதற்றம் என்று மருத்துவர் உறுதி செய்தார்.

உறவினர்கள் சும்மா இருப்பார்களா? பொதுத் தேர்வு நேரத்தில் மனநல மருத்துவரிடமா, நாளை வரன் பார்க்கும்போது என்ன பதில் சொல்வாய் என்றார் என் மாமியார். வல்லாரை கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. கொடுத்தோம். துவையல் நன்றாகத்தான் இருந்தது.

அரசு என்ன செய்யலாம் என்று கேட்டால், புதிதாகத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரைக்குமானது. அது தேடிப் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏடிஎச்டியும் இருக்கிறது. அந்தத் திட்டத்தின்கீழ், குறைபாடு கண்ட பிள்ளைகளைக் கவனிக்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் இருக்கின்றன. ஆனால் பெயரிலேயே ‘ஆரம்பநிலை’ இருப்பதாலோ என்னவோ, மீசை அரும்பிய பையனைக் கூட்டிக்கொண்டு அங்கே போகலாம் என்று பெற்றோருக்குத் தோன்றுவதில்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவும் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குமானது. மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஏடிஎச்டிக்குத் தனி இடம் இல்லை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்கலாம். ஏடிஎச்டி மட்டும் என்றால் மருத்துவரின் கடிதம் ஃபைலுக்குள் கிடக்கும். தலைமையாசிரியர்கள் அஞ்சும் அளவுக்கு அந்தத் தாளுக்கு ஒரு பலமும் இல்லை என்பதை அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை!

பள்ளிக்கல்வித் துறையிடம் நான் கேட்பது ஒரு சுற்றறிக்கை. மருத்துவரோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரோ கேட்டால், அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் பிள்ளையை நன்கு அறிந்த ஆசிரியர் ஒரு வாரத்துக்குள் படிவத்தை நிரப்பி, மூடிய உறையில் தர வேண்டும். அதைக் காரணம் காட்டிப் பிள்ளையின் சேர்க்கையில் கைவைக்கக் கூடாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எழுதும் இரண்டு வரிக் குறிப்பை, மாணவர் விவரங்களைக் கணினியில் வைத்திருக்கும் துறையின் எமிஸ் பதிவோடு சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது. பிள்ளை பள்ளி மாறினாலும் எமிஸ் எண் கூடவே போகிறது, குறிப்பும் போகட்டும். ஏற்கெனவே எமிஸில் தட்டச்சு செய்தே கை வலிக்கும் ஆசிரியர்கள் என்னைத் திட்டுவார்கள். தெரியும். வருடத்துக்கு இரண்டு வரிதான் கேட்கிறேன்.

அதுவரை, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ரேங்க் கார்டையும் பாதியில் நிற்கும் நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிட வேண்டாம்.

இது பற்றிப் பள்ளிக்கல்வித் துறையிடம் விசாரித்து எழுத உங்கள் நிருபரை அனுப்பினால், இதே படிவத்தோடு அலைந்த வேறு பெற்றோரையும் பேசவைக்கிறேன். மகளின் நலன் கருதி என் பெயரைத் தவிர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்,
திண்டுக்கல்.